அந்தப் பக்கமாகப் போகும் கப்பல்

— மூணுதானா?

— மூணேதான் மேடம். இந்தக் கோடைக்கு மொத்தமே மூணு ரூட்டுதான். நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்த மேஜை பூரா படமா பரப்பியிருப்பேன். அந்தத் தீவு வேணுமா, இந்தத் தீவு வேணுமான்னு நீங்களே குழம்பிப் போயிருப்பீங்க. இப்போ உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சொல்றேன் கேளுங்க. முதல்ல 'தீவுச் சுற்று'. ஒரு வாரம். அடுத்தது தெற்குக் கடற்கரை, அஞ்சு ராத்திரி. நல்ல வெயில், வெள்ளை மணல், குளிக்கலாம், நீச்சல் உடை மட்டும் நீங்களே...

— நீச்சல் உடை என்கிட்ட இருக்கு.

— ஐயோ, அருமை மேடம்.

— முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தேன். நீச்சல் உடை, விசில், முட்டிக்குப் போடற பட்டை எல்லாம் வீட்ல குவிஞ்சு கிடக்கு. நீங்க மூணாவதைச் சொல்லுங்க.

— மூணாவது 'கடல் உலா'. மூணு ராத்திரி. பாட்டு, டான்ஸ், சினிமா, சாப்பாடு எல்லாம் கப்பலுக்குள்ளயே. எங்கயும் இறங்க வேண்டியதில்ல.

— எங்கயும் நிக்காதா?

— நிக்காது மேடம். இங்கேர்ந்து கிளம்பி நடுக்கடல்ல ஒரு வட்டம் போட்டுட்டு, இங்கேயே கொண்டுவந்து விட்டுடுவாங்க. இப்போ இதுக்குத்தான் அடிச்சுப் பிடிச்சு வர்றாங்க.

— கிளம்பின இடத்துக்கே வந்து சேர்றதுக்கு எதுக்கும்மா கப்பல்? நான் எங்க ஸ்கூல் கிரவுண்டை நாலு தடவை சுத்தி வந்தா போச்சு.

— ஹஹ்ஹா. கிரவுண்டுல ஏசி இல்லையே மேடம்.

— அது சரி. வடக்கே போறது எங்க?

— வடக்கேவா?

— இந்தக் கண்ணாடியில பெரிசா ஒட்டி வச்சிருந்தீங்களே. வெள்ளையா ஒரு கலங்கரை விளக்கம், பக்கத்துல சின்னதா துறைமுகம், பின்னாடி மலை. பஸ்ல போறப்ப வர்றப்ப எல்லாம் பாப்பேன். இங்க சிக்னல் விழுந்தா நல்லா பாக்கலாம். விழலைன்னா திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போவேன்.

— ஓ, அந்த ரூட்டா! அதை எடுத்துட்டாங்க மேடம். விளம்பரத்தை நான்தான் சுரண்டினேன். ரெண்டு நகம் போச்சு.

— எடுத்துட்டாங்கன்னா? அடுத்த மாசம் வருமா?

— வராது. அந்தத் துறைமுகத்துல மண் மேவிப்போச்சு, ஆழம் பத்தாது. ஒரே ஒரு சின்னக் கப்பல்தான் உள்ள நுழைஞ்சு வரும். அதை வித்துட்டாங்க. இப்போ இருக்கறது எல்லாம் ஏழு மாடி, எட்டு மாடிக் கப்பல். அது அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காது.

— ஓஹோ.

— என்ன மேடம், முகமே மாறிடுச்சு? தண்ணி வேணுமா?

— வேணாம்மா. நல்லாத்தான் இருக்கேன். சரி, நான் வரேன்.

— இருங்க இருங்க, உக்காருங்க. காலையிலேர்ந்து இந்தக் கதவைத் திறந்த ஒரே ஆள் நீங்கதான். அதுவும் இப்படி டக்குனு எந்திரிச்சா எப்படி? அந்த ஊர்தான் வேணும்னா கப்பல் எதுக்கு, நேரா ரயில் இருக்கே. ராத்திரி ஏறினா விடிஞ்சதும் இறங்கிடலாம். அதுக்கும் டிக்கெட் நானே போட்டுத் தருவேன்.

— ரயில் தெரியும். ரயில்ல போகக் கூடாது.

— ஏன், தலை சுத்துமா?

— எனக்கா? ராட்டினத்துல தொங்கிட்டே டீ குடிப்பேன் நான்.

— பின்ன என்ன?

— என் பையன் அங்க இருக்கான்.

— அட, அப்போ ரொம்ப நல்லதாப் போச்சே! பையனைப் பாத்த மாதிரியும் ஆச்சு...

— அதான் இல்ல. பையனைப் பாக்கப் போறேன்னு ஆகக் கூடாது.

— புரியல மேடம்.

— ரயில்ல போய் இறங்கினா 'அம்மா வந்துட்டா'ன்னு ஆயிடும். எத்தனை நாள் இருப்பா, எங்க படுக்க வைக்கறது, பெண்டாட்டி என்ன சொல்லுவா, பெட்டி எவ்வளவு பெரிசு, இப்படி அவன் மனசு அடிச்சுக்கும். கப்பல்ல போனா நான் வரலை, கப்பல் வருது. போற வழியில அந்த ஊர். அது எங்க நிக்கணும்னு நானா முடிவு பண்றேன்? சாயங்காலம் கப்பல் ஊதினா இவ கிளம்பிடுவான்னு அவனுக்கும் தெரியும். கதவைத் திறக்க ஒரு தைரியம் வரும் பாரு.

— கதவைத் திறக்கத் தைரியமா? பெத்த அம்மாவுக்கா?

— உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— ஆச்சு. அவர் வேற ஊர்ல, நான் இங்க. அது ஒரு தனிக் கதை, அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க.

— என் பையனோட அப்பா, இவன் நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ளயே போய்ட்டார். நானும் அவனும்தான். அவன் வேலைக்குப் போனதுக்கு அப்புறம் எங்க ஸ்கூல் கணக்கு சார் ஒருநாள் ஸ்டாஃப் ரூம்ல வச்சுக் கேட்டார், 'டீச்சர், நம்ம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனப்புறம் தனித்தனியா டீ போட்டுக் குடிக்கணுமா'ன்னு. நான் அவரைப் பத்தி அதுவரைக்கும் அப்படி யோசிச்சதே இல்ல. அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில 'வேணாம் சார், சேந்தே குடிப்போம்'னேன்.

— ஐயோ டீச்சர்! எவ்வளவு அழகாக் கேட்டிருக்காரு.

— இப்போ டீச்சர் ஆயிட்டேனா?

— மேடம்னு கூப்பிட வாய் வரல. அப்புறம்?

— அப்புறம் என்ன, பையன் குதிச்சான். அவனுக்கே பத்தாவதுல கணக்கு எடுத்தவர் அவர். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருக்கார். 'என் கூடப் படிச்சவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்'னான். அதோட விட்டானா, வேற என்னென்னவோ பேசினான். வாய்க்கு வந்ததெல்லாம். அதை விடும்மா, சின்னப் பையன். துறைமுகத்துல கிரேன் ஓட்டற வேலை அவனுக்கு. இங்கயே நல்லா இருந்தவன், எங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம், இருக்கறதுலயே தூரமான துறைமுகமாப் பாத்து மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான். அங்கயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். போட்டோ அனுப்பினான். நல்லா இருக்கா. கன்னத்துல குழி விழும்.

— நேர்ல பாத்ததே இல்லையா?

— எங்க? கூப்பிடணுமே.

— பேசவே மாட்டாரா?

— அப்படிச் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். எல்லா ஞாயித்துக்கிழமையும் இல்ல, பண்ணுவான். 'சாப்ட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு? மழையா அங்க?' அவ்வளவுதான். சாரைப் பத்தி மட்டும் கேக்க மாட்டான். நானும் சார்னு வாயெடுக்க மாட்டேன். சார் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கற மாதிரி இருப்பார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டார், சத்தம் கேட்டுடுமேன்னு.

— பாவம்.

— பாவம்தான். இப்போ பேப்பரும் இல்ல, அவரும் இல்ல. போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டார்.

— டீச்சர்... நான் பாட்டுக்கு டான்ஸு பாட்டுன்னு சொல்லிட்டு இருக்கேன்.

— அதனால என்ன? உன் வேலை அது. சார் இருந்த வரைக்கும் எனக்கு இதெல்லாம் தோணலை. இப்போ வீட்ல எந்தச் சத்தமும் நான் போட்டாத்தான் உண்டு. குழாயை நான் மூடினாத்தான் நிக்குது. அதான், ஒரு தடவை அவனைப் பாத்துட்டு வந்துடலாம்னு.

— இருங்க. அப்படியே போகாதீங்க. சொல்றேன் கேளுங்க, இந்த 'தீவுச் சுற்று' இருக்குல்ல, அது நாலாவது நாள் வடக்கே இருக்கற பெரிய துறைமுகத்துல நிக்குது. காலையில நிறுத்தினா சாயங்காலம்தான் எடுப்பாங்க. அங்கேர்ந்து உங்க பையன் ஊர் எவ்வளவு தூரம்னு பாக்கறேன்... இதோ. மலைக்கு அந்தப் பக்கம். பஸ் ஓடுது. ரெண்டு மணி நேரம்.

— போக ரெண்டு, வர ரெண்டு.

— நடுவுல மூணு மணி நேரம் முழுசா கையில நிக்கும். ஒரே ஒரு விஷயம், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கேப்டனோட மாமியாரா இருந்தாலும் விட்டுட்டுப் போயிடுவான்.

— நான் ஓடிடுவேன்.

— அது தெரியும், பி.டி. டீச்சர். ஆனா 'போற வழி'ன்னு சொல்ல முடியாதே. மலை ஏறி இறங்கணுமே.

— சொல்லலாம். 'கப்பல் இங்க நின்னுது, எல்லாரும் கடைக்குப் போனாங்க, எனக்குக் கடையில ஒண்ணும் வாங்கறதுக்கு இல்ல, சும்மா பஸ்ல ஏறினேன்'னு சொல்லலாம். நல்லா இருக்குல்ல?

— ரொம்ப நல்லா இருக்கு.

— பொய் மாதிரித் தெரியலையே?

— கொஞ்சம் தெரியுது. ஆனா பரவாயில்ல. கேபின் பாக்கட்டா? தனி ஆளுக்குன்னு தனியா கேபின் கிடையாது டீச்சர். ரெண்டு கட்டில் இருக்கும். ஒண்ணு சும்மா கிடக்கும்.

— வீட்லயும் அப்படித்தான் கிடக்கு. பழகிடுச்சு.

— ஜன்னல் வேணும்ல?

— வேணாம். கடலை மூணு நாள் பாத்துட்டே போனா அதுவே ஒரு மாதிரி ஆயிடும். நீ போயிருக்கியா கப்பல்ல?

— நானா! பத்து வருஷமா விக்கிறேன், ஒரு தடவைகூட ஏறினதில்ல. ஜோடி ஜோடியா வருவாங்க, இந்த நாற்காலியில உக்காந்து 'பால்கனி வச்ச ரூம்தான் வேணும்'னு சண்டை போடுவாங்க. நான் பால்கனியைப் படத்துல காட்டுவேன். முன்னாடி இங்க நாலு பேர் இருந்தோம். ரூட்டு குறையக் குறைய ஆளும் குறைஞ்சாங்க. இப்போ பேச்சுத் துணைக்கு அந்த பிரிண்டர்தான். அதுவும் அடிக்கடி கோவிச்சுக்கும்.

— அதான் என்னை விட மாட்டேங்கறே.

— கண்டுபிடிச்சிட்டீங்களா?

— எத்தனை பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். கடைசி மணி அடிச்சப்புறமும் பையைத் தூக்காம கிரவுண்டுல நிக்கறதுங்க உண்டு. வீட்டுக்குப் போக மனசு இருக்காது. சரி, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை கேக்கணும். அன்னிக்குன்னு அவனுக்கு டூட்டி இருந்தா? நான் துறைமுக வாசல்ல போய் பேன்னு நிக்கணும்.

— போன் பண்ணுங்க. இப்பவே.

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே.

— அதனால என்ன? அம்மா பையனுக்குப் போன் பண்ண கிழமை பாக்கணுமா?

— நாங்க பாப்போம்மா. இரு, ஒரு நிமிஷம். முதல்ல சொல்லிப் பாத்துக்கறேன். நீ அவனா இரு.

— நானா?

— சும்மா உக்காந்த இடத்துலயே இரு. நான் போன் பண்றேன். ட்ரிங் ட்ரிங்.

— ஹலோ! அம்மா! எப்படி இருக்கீங்க?

— அவன் இப்படிப் பேச மாட்டான். 'சொல்லுங்கம்மா'ம்பான். குரல் கீழ இருக்கும்.

— சொல்லுங்கம்மா.

— ம், இது சரி. ஒண்ணும் இல்லப்பா, இந்தக் கோடைக்குக் கப்பல்ல ஒரு சுத்து போகலாம்னு இருக்கேன். உங்க ஊர்ப் பக்கமா வருதாம்.

— அப்படியாம்மா! வாங்க, வாங்க!

— 'ம்'னுதான் சொல்லுவான்.

— ம்.

— உனக்கு வேலை இருக்கும். நான் வீட்டுக்கெல்லாம் வரல. துறைமுகம் கேட்டுகிட்ட நிக்கறேன். ஒரு டீ குடிக்கற நேரம்.

— ம்.

— வரவா?

— என்ன சொல்லுவார்னு தெரியலையே டீச்சர்.

— எனக்கும்தான் தெரியல.

— போட்டுடுங்க. யோசிச்சா கை வராது.

— இந்தப் போன்ல காதுல வச்சா ஒண்ணும் கேக்காது. சத்தமாப் போட்டுத்தான் பேசணும். உனக்கும் கேக்குமே.

— நான் வேணா வெளியில போய் நிக்கறேன்.

— வேணாம். நீ இங்கயே உக்காரு. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லாத்தான் இருக்கும்... ரிங் போகுது.

— சொல்லுங்கம்மா.

— நான்தாம்பா.

— தெரியுதும்மா. என்ன, இன்னிக்குப் பண்றீங்க? உடம்புக்கு ஏதாவதா?

— உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நீ வேலையிலயா?

— ஆமா, மேல கிரேன்ல இருக்கேன். இப்போ லோடு இல்ல, சும்மாத்தான் உக்காந்திருக்கேன். சொல்லுங்க.

— ஒண்ணும் இல்லப்பா. கோடைக்குக் கப்பல்ல ஒரு சுத்து போகலாம்னு இருக்கேன். சும்மா. அது நாலாவது நாள் உங்க பக்கத்துல பெரிய துறைமுகத்துல நிக்குதாம். எல்லாரும் கடைக்குப் போவாங்க. எனக்குக் கடையில என்ன இருக்கு? ஒரு பஸ்ஸைப் பிடிச்சு...

— வேணாம்மா.

— முழுசாக் கேளேன்.

— அந்த மலைப்பாதை பஸ்ஸை நிறுத்திட்டாங்கம்மா. அலையாதீங்க.

— நிறுத்திட்டாங்களா? இப்பதானே இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுச்சு, ஓடுதுன்னு.

— யாரு?

— டிக்கெட் போடற பொண்ணு. பக்கத்துலதான் இருக்கா. ஏம்மா, ஓடுதுதானே?

— ஆமாம் சார். மணிக்கு ஒண்ணு ஓடுது. இப்பகூடப் பாத்தேன்.

— டேய், எதுக்குடா பஸ் இல்லைங்கறே? நான் வர்றது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

— அப்படி இல்லம்மா.

— நான் வீட்டுக்கு வரேன்னா சொன்னேன்? கேட்டுகிட்டயே நிக்கறேன். நீ மேலேர்ந்து இறங்கி வந்தா வா, இல்லைன்னா கீழேர்ந்து கையைக் காட்டிட்டுப் போயிடறேன். அவளுக்குத் தெரியவே வேணாம்.

— அவ இல்லம்மா.

— வேலைக்குப் போயிருக்காளா?

— போயிட்டாம்மா. என்னை விட்டுட்டு. ரெண்டு வருஷம் தாண்டியாச்சு.

— என்னடா சொல்றே? ஒவ்வொரு தடவையும் 'அவ எப்படி இருக்கா'ன்னு கேக்கறேன், 'நல்லா இருக்கா'ங்கறே.

— நல்லாத்தான் இருக்காளாம். பொய் இல்ல.

— ரெண்டு வருஷமா அந்த ஊர்ல ஒண்டியாவா இருக்கே? நீயே சமைச்சு, நீயே... ஏண்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— எந்த வாயால சொல்றது? உங்க கல்யாணத்தப்ப நான் பேசின பேச்சு உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் இருக்கு. அதெல்லாம் பேசிட்டுப் போனவன், என் கல்யாணம் உடைஞ்சு போச்சுன்னு உங்க வாசல்ல வந்து நிக்கவா? அதுவும் சார் முன்னாடி?

— சார் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்டா. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல.

— தெரியும்மா. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

— சரி, அதெல்லாம் போகட்டும் விடு. இப்போ நான் கண்டிப்பா வரணும். ஏம்மா, அந்த டிக்கெட்டைப் போடும்மா. கட்டில் ரெண்டோ மூணோ, எது இருக்கோ போடு.

— போட வேணாம்னு சொல்லுங்கம்மா.

— ஏன்?

— நான் அங்க இல்லம்மா.

— அங்க இல்லைன்னா? கிரேன்ல இருக்கேன்னு இப்பதானே சொன்னே?

— கிரேன்லதான் இருக்கேன். இங்க. அவ போன கையோட திரும்ப மாத்தல் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம ஊர்த் துறைமுகத்துலதாம்மா வேலை பாக்கறேன். நீங்க ஏறணும்னு சொல்றீங்களே அந்தப் பெரிய கப்பல், அது இப்போ எனக்குக் கீழதான் நிக்குது. ஆளுங்க ஏறிட்டு இருக்காங்க, தெரியுது.

— டீச்சர், உக்காருங்க. இந்தாங்க, இந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க.

— இரும்மா. நான் உக்காந்துதான் இருக்கேன்... எங்க தங்கியிருக்கே?

— டயர் கடை மாடியில ஒரு ரூம். பாலத்துக்கு இந்தப் பக்கம். உங்க வீட்டுக்கு வர்ற பஸ்தான் இங்கயும் வரும்.

— அந்த பஸ்லதான்டா நான் தினமும் போறேன்.

— பாத்திருக்கேம்மா.

— பாத்திருக்கியா!

— ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பீங்க. சில நாள் திரும்பித் திரும்பி எதையோ பாத்துட்டே போவீங்க. கூப்பிடணும்னு தோணும். அதுக்குள்ள பஸ் போயிடும்.

— அப்போ சார் போனப்ப?

— இங்கதான் இருந்தேன்.

— நான் உனக்குப் போன் பண்ணேன். 'லீவு கிடைக்காதும்மா, தூரம்'னு சொன்னே. நானும் சரிப்பா, நீ அலைய வேணாம்னு வச்சேன்.

— ஆமாம்மா.

— ஒரு வார்த்தை 'வரேன்'னு சொல்லியிருந்தா...

— வந்தேம்மா.

— எங்க வந்தே? நான் வாசலைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். யார் யாரோ வந்தாங்க.

— விஷயம் கேள்விப்பட்டதுமே வந்து, எதிர்ல மருந்துக்கடைகிட்ட நின்னேன். நீங்க போன் பண்ணப்ப அங்க நின்னுதான் பேசினேன். உள்ள வரத்தான் வந்தேன், சத்தியமா. படி பூரா சார்கிட்டப் படிச்ச பசங்க. என் கூடப் படிச்சவங்களும் இருந்தாங்க. எல்லாரும் அழுதுட்டு நின்னாங்க. அவங்க நடுவுல நான் எந்த உரிமையில வந்து நிக்கறது? கால் வரல.

— அன்னிக்குக் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சேடா மழை.

— ம்.

— மருந்துக்கடைகூடச் சாத்தியிருந்துச்சு. ஒதுங்கக்கூட அங்க இடம் கிடையாதே.

— ம்.

— இரு. அன்னிக்கு எதிர்ல ஒரு ஆள் தலையில கர்ச்சீப்பைப் போட்டுட்டு, முதுகைக் காட்டி நின்னுட்டு இருந்தான். ரொம்ப நேரமா. எனக்கு யாரும் மழையில நின்னா தாங்காது, உனக்குத் தெரியும். அந்த நேரத்துலயும் மனசு கேக்கல. மாடி வீட்டுக்காரர்கிட்ட சாரோட குடையைக் கொடுத்து, 'யாரோ நிக்கறாங்க பாருங்க, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க'ன்னு நான்தான்டா அனுப்பினேன். யாருன்னு தெரியாமயே அனுப்பினேன்.

— அது என்கிட்டதாம்மா இருக்கு. திருப்பிக் கொடுக்கற சாக்குல ஒருநாள் வீட்டுக்கு வந்துடலாம்னுதான் வச்சிருக்கேன்.